சாக்கில் காய்ந்த மண்

மண் மாதிரிப் பையை யார் நீட்டினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. "எதில் காய வைத்தீர்கள்?" என்று கேட்பேன். எந்த ஊர், என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அப்புறம்தான். என்னோடு கடைசி இரண்டு வருடம் வேலை பார்த்த பிள்ளைகள் இதை வைத்து என்னைப் படாத பாடு படுத்துவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மோர் மிளகாய் கொண்டு போனால்கூட, "மேடம், இது எதில் காய வைத்தது?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். அந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்று அவர்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இனி என்ன வெட்கம்? புதிதாக வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பயிருக்கு எவ்வளவு உரம், எந்த மாதத்தில் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் அதைவிட நன்றாகவே இருக்கிறது. இலையைப் படம் பிடித்தால் என்ன குறை என்று சொல்லிவிடுகிற செயலியெல்லாம் வந்துவிட்டது என்கிறீர்கள். நல்லது. என் காலத்தில் அது இருந்திருந்தால் வெயிலில் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். ஆனால் இந்த வேலையில் என்னைக் கவிழ்த்தது தெரியாத விஷயம் இல்லை. நன்றாகத் தெரிந்த விஷயம்தான்.

முதலில் ஒரு சின்னக் கதை. வேலைக்குச் சேர்ந்த வருடம் கம்பத்துப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். பந்தலின் ஒரு மூலையில் கொழுந்து இலைகள் மட்டும் வெளிறிக் கிடந்தன. இலை வெளுத்தால் பசி, பசித்தால் யூரியா என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த விவசாயம். சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தோட்டக்காரர் மரியாதையாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், போடவில்லை. அந்த மூலை பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமல் இருந்திருக்கிறது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் அதை எடுக்க முடியவில்லை. அவர் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார், கொழுந்து தானாகப் பச்சை பிடித்தது. "நீங்க எழுதுன சீட்டு இன்னும் பத்திரமா இருக்கு மேடம். கையெழுத்து அம்புட்டு அழகு" என்றார் அடுத்த முறை. மண்ணில் சத்து இல்லாதது ஒன்று, இருக்கிறதைச் செடியால் எடுக்க முடியாதது வேறு. அதை அன்று கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்ல வந்த தவறு அங்கேதான் தொடங்கியது.

இருபது வருடம் கழித்து நடந்தது அது. பவுன்தாய்க்கு அப்போது நாற்பது வயது இருக்கும். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே வாய்க்காலை ஒட்டி ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம் அவர்களுக்கு. கணவர் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். மாதத்துக்கு இரண்டு தடவை இறங்கி வந்தால் பெரிது. பாகம் பிரித்ததிலிருந்து நிலம் சும்மா கிடந்தது. பவுன்தாய் அடுத்தவர் திராட்சைப் பந்தல்களில் கவாத்து வெட்டவும் குலை சீர் பண்ணவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வேலை முழுக்கக் கையைத் தூக்கி, அண்ணாந்து பார்த்தபடியே செய்வது.

"இருவது வருசமா அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து போச்சு மேடம்" என்றார் முதல் நாள். "இனிமே நம்ம நெலத்துல, குனிஞ்சு பாக்குற வேலையாப் பாக்கணும்."

வாழை போடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்கு ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்து நிலம் அவருடைய கொழுந்தன் சுருளியுடையது, தென்னந்தோப்பு. அண்ணன் பாகத்தையும் சேர்த்துத் தென்னை வைத்துவிட வேண்டும் என்பது சுருளியின் விருப்பம். பொம்பளை ஆள் தனியாக வாழை பார்க்க முடியாது என்பது அவர் வாதம். நான் மண் எடுக்கப் போன அன்று அவரும் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"ஒரு வெள்ளாமை பாருங்க மதினி. நல்லபடியா வந்துச்சுன்னா நீங்களே வச்சுப் பாருங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வரலைன்னா தென்னையோட சேத்துப்புடுவேன். அண்ணனும் சரின்னு சொல்லிட்டாக" என்று என் முன்னாலேயே சொன்னார்.

"சரி தம்பி, ஒரு வெள்ளாமை" என்றார் பவுன்தாய். அவர் மண்வெட்டியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். அந்த ஒன்றரை ஏக்கரை அவர் விடப் போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அந்த வாய்க்கால் ஓரத்துத் தோட்டக்காரர்களில் மண் பரிசோதனைக்குக் கொடுத்த முதல் ஆளும் அவர்தான். உரக் கடையில் கேட்டுப் போடுவதுதான் அங்கே வழக்கம். "ஆபீஸ்ல கேட்டுத்தேன் போடப் போறேன்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அது மார்கழி. முந்தின நாள்வரை மழை. பத்து இடத்தில் குழி எடுத்து மண் சேர்த்தால் எல்லாம் சொதசொதவென்று இருந்தது. ஈர மண்ணைப் பையில் கட்டக் கூடாது. நிழலில் காய வைத்துத்தான் கட்ட வேண்டும். எனக்கோ அன்று பெரியகுளத்தில் ஒரு கூட்டம். மணியைப் பார்த்தபடியே, "ஏதாவது விரிச்சு மாட்டுக் கொட்டகையில காய வைங்க, ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறேன்" என்றேன். பவுன்தாய் கொட்டகைக்குள் போய் ஒரு காலிச் சாக்கைக் கொண்டு வந்தார். ஓரத்தைக் கத்தியால் கிழித்து, உள்பக்கம் மேலே தெரிய விரித்து, மண்ணைப் பரப்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாக்கு சுத்தமாகத்தான் தெரிந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

ஆய்வக முடிவு வந்தது. தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம், சாம்பல் சத்து மிக அதிகம். சாம்பல் சத்தைத்தான் ஊரில் பொட்டாஷ் என்பார்கள். வாழைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் வேண்டும். தண்டு சாயாமல் நிற்பதும் காய் திரள்வதும் அதனால்தான். அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் அவ்வளவு பொட்டாஷ் நான் பார்த்ததே இல்லை. அப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது! மண் பரிசோதனையின் அருமையை ஊருக்குக் காட்ட ஒரு நல்ல உதாரணம் கிடைத்ததே என்று. "இந்தப் போகத்துக்குப் பொட்டாஷ் தேவையில்லை" என்று அட்டையில் என் அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். அடுத்த விவசாயிகள் கூட்டத்தில் பவுன்தாயை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரும் கைதட்டவும் வைத்தேன்.

தையில் திசு வளர்ப்பு வாழைக் கன்று நட்டார். நான்கு மாதம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. களை இல்லை, பூச்சி இல்லை. சொட்டுநீர்க் குழாயைத் தினமும் தட்டிப் பார்ப்பார். ஆனி பிறந்து, கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கிய வாரத்தில் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். இலையின் ஓரம் மஞ்சளாகி, நுனியிலிருந்து கருகியிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஆனி ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காற்றுக் கருகல் என்று பதில் அனுப்பினேன். நாலைந்து நாள் கழித்து மறுபடியும் படம். மறுபடியும் காற்று என்றேன். உள்ளபடி சொல்லட்டுமா? அந்த இரண்டாவது படத்தைப் பார்த்தபோதே எனக்குள் ஏதோ உறுத்தியது. அப்படிக் கருகுவது பொட்டாஷ் பற்றாக்குறை என்று நானே நூறு கூட்டத்தில் படம் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் பொட்டாஷ் மிக அதிகம் என்று முத்திரையோடு ஒரு தாள் என் கோப்பில் இருந்தது. தாளை நம்பினேன்.

மூன்றாவது முறை படம் வரவில்லை, பவுன்தாயே கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். காத்துல காயுறதுன்னா ஒசக்க இருக்குற இலையில்ல மொதல்ல காயணும்? அங்கன இலை கிழியத்தேன் செய்யுது, காயலை. அடியில மறைவா இருக்குற வயசான இலைதேன் ஒன்னொன்னாக் கருகுது. இது என்ன காத்து?"

நான் இருபது வருடம் படித்ததை அந்த அம்மா ஒரு மூச்சில் கேட்டுவிட்டார். பொட்டாஷ் செடிக்குள் நகரக்கூடிய சத்து. மண்ணில் கிடைக்காவிட்டால், செடி தன் பழைய இலையில் இருப்பதை உருவி, புதுக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால்தான் அடி இலை முதலில் கருகும். இரும்பு அப்படி நகராது; அதனால்தான் அந்தத் திராட்சையில் கொழுந்து வெளுத்தது. இவ்வளவும் எனக்குத் தெரியும். "பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆய்வகத்தில் பல வருடமாக மண் சலிக்கிற ஒருவர் இருந்தார். தன் பெயரை எங்கேயும் எழுதிவிடக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. அவரைக் கூப்பிட்டு, முடிவில் ஏதாவது எண் மாறியிருக்குமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியின் அர்த்தம் அவருக்குப் புரியாமல் இருக்குமா? தவறு உங்கள் பக்கமா என்று நாசூக்காகக் கேட்கிறேன். அவர் கோபப்படவில்லை.

"மண்ணு எதுல காஞ்சுச்சு மேடம்?" என்றார்.

"சாக்குல."

"என்ன சாக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் போனேன். காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தது. தோட்டத்துக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தேன். எல்லா வாழையிலும் கீழ் இலைகள் ஓரம் கருகி, நடு நரம்பு ஒடிந்து தொங்கின. கொட்டகை மூலையில் மட்டும் இரண்டு வாழை, அடி இலைவரை கரும்பச்சையாக, தண்டு தடித்து நின்றன. மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். அதே கன்று, அதே நாள் நட்டது, அதே காற்று.

"இந்த ரெண்டுக்கும் மட்டும் என்ன போட்டீங்க?" என்றேன்.

"ஒன்னும் போடலையே மேடம். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணி காய வைக்கிற அடுப்பு இங்கனதேன் இருக்கு. அள்ளுற சாம்பலை அதும் தூருல கொட்டுவேன். அம்புட்டுத்தேன்."

விறகுச் சாம்பலில் இருப்பது முக்கால்வாசி பொட்டாஷ்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிறதில் செடிக்கு உடனே உதவுவது அதுதான். சாம்பல் சத்து என்று அதற்குப் பெயர் வந்ததே அதனால்தான். தோட்டம் முழுக்க எது இல்லையோ அது அந்த இரண்டு செடிக்கு மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்திருக்கிறது. இனி எந்த ஆய்வகமும் எனக்குத் தேவைப்படவில்லை.

கொட்டகைக்குள் பார்த்தேன். காற்றுக்கு மறைப்பாக அந்தச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிழித்த ஓரம் அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் திருப்பினேன். பெரிய எழுத்தில் பொட்டாஷ் என்று இருந்தது. சுருளியின் தென்னைக்கு வாங்கிப் போட்டது போக வீசிய காலிச் சாக்கு. தையல் மடிப்பில் விரலை விட்டு வழித்தேன். சிவப்பாகப் பொடி ஒட்டியது. சிவப்புப் பொட்டாஷ், செம்மண். ஈர மண்ணை அதன் மேல் பரப்பினால் கரைந்து கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆய்வகம் சரியாகத்தான் சோதித்திருக்கிறது. அவர்கள் சோதித்தது பவுன்தாயின் நிலத்தை இல்லை, சுருளியின் சாக்கை.

அதே நேரம் வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சுருளி வந்திருந்தார். பின்னால் ஒரு மூட்டை யூரியா.

"என்ன மேடம், காத்தைப் பாக்க வந்தீகளா?" என்றார். குத்தல்தான், எனக்கு வேண்டியதுதான். "உரக் கடையில கேட்டுட்டு வந்தேன். யூரியாவை ஒரு கை தாராளமாப் போட்டா ஒரே வாரத்துல பச்சை புடிச்சுரும்னாக. மதினி, மூட்டையைப் புடிங்க."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஐந்தாவது ஆறாவது மாதத்தில் வாழைத் தண்டுக்குள் தார் உருவாகிக்கொண்டிருக்கும். எத்தனை சீப்பு என்பது வெளியே தெரிவதற்கு முன் உள்ளே முடிவாகிவிடும். அந்த நேரத்தில் பொட்டாஷ் இல்லாத செடிக்கு யூரியாவைக் கொட்டினால் இலை பச்சையாகும், ஊரும் மெச்சும். தண்டு மட்டும் வலுவில்லாமல், இந்தக் காற்றுக்கு ஒடியும். மறு மண் மாதிரி எடுத்து முடிவு வரும்வரை காத்திருக்கவும் நேரம் இல்லை. அன்றே பொட்டாஷ் போட வேண்டும், யூரியாவைத் தடுக்க வேண்டும். ஆனால் பொட்டாஷ் வேண்டாம் என்று எழுதிக் கோடு போட்டது நான். இப்போது போடு என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு வழி இருந்தது. கோடை மழையில் சத்து கரைந்து கீழே இறங்கிவிட்டது, அதனால் இப்போது போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். என் பெயரும் நிற்கும், அலுவலகத்தின் பெயரும் நிற்கும். பவுன்தாய்க்கும் அதுதான் நல்லது என்று என் மனசு வேகமாக எனக்கு எடுத்துச் சொன்னது. உண்மையைச் சொன்னால், "ஆபீஸ் பேச்சைக் கேட்டு மதினி தோட்டத்தைக் கெடுத்துட்டாக" என்று சுருளி அன்றைக்கே நிலத்தைக் கேட்பார் அல்லவா? அந்தப் பெண்ணுக்காகத்தானே பொய் சொல்கிறேன் என்று ஒரு சமாதானம். தொண்டைவரை வந்துவிட்டது அந்த மழைக் கதை.

பவுன்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காற்று இல்லை என்று கண்டுபிடித்தவர் அவர். அவரிடம் போய் இன்னொரு கதையா? சாக்கைக் கழற்றி இருவர் முன்னாலும் பிடித்தேன்.

"தப்பு என்னுது. மண்ணை இந்தச் சாக்குல காய வச்சதாலதான் பொட்டாஷ் அதிகம்னு முடிவு வந்திருக்கு. நிலத்துல பொட்டாஷ் கிடையாது. நான் வேண்டாம்னு எழுதினேன், செடி பட்டினி கிடக்குது. காத்துன்னு சொன்னதும் தப்பு. ரெண்டாவது படத்துலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு, அதையும் சொல்லாம விட்டுட்டேன்."

பவுன்தாய் சாக்கின் கிழித்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சாக்கை விரிச்சது நாந்தேனே மேடம்" என்றார் பவுன்தாய் மெல்ல.

"விரிக்கச் சொன்னது நான். என்ன சாக்குன்னு பாக்க வேண்டியதும் நான். உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம். "இம்புட்டு நாளாக் காத்து காத்துன்னீகளே! நான் உங்களத்தேனே நம்புனேன்? கடையில கேட்டுருந்தாக்கூட எதையாவது போட்டுருப்பேனே!" என்று சத்தம் போட்டார். குரல் உடைந்தது. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இப்பப் போட்டா தார் தப்பிக்குமா?"

"முழுசாத் தப்பிக்காது. உள்ள எவ்வளவு உருவாகிருச்சுன்னு எனக்குத் தெரியல. இன்னைக்கே சொட்டுநீர்ல பொட்டாஷ் கரைச்சு விட்டு, இலையிலயும் அடிச்சா, பாதிக்கு மேல தேறும்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது."

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னு இன்னைக்குத்தேன் சொல்றீக" என்றார் பவுன்தாய். "இத நம்பலாம்."

சுருளி கையை நீட்டினார். சாக்கை வாங்கி, மடிப்பைப் பிரித்துப் பார்த்து, விரலில் ஒட்டிய பொடியை நாக்கில் வைத்துத் துப்பினார். நான் பயந்த நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் யூரியா மூட்டையைத் தட்டி, மறுபடியும் வண்டியில் கயிற்றால் இறுக்கினார்.

"ஒரு வெள்ளாமைன்னு சொன்னேன். மதினி தப்புப் பண்ணித் தோத்தாத்தேன் அது கணக்கு. ஆபீஸும் என் சாக்கும் சேந்து கெடுத்தத எப்படி மதினி கணக்குல எழுத முடியும்? அடுத்த வெள்ளாமையும் அவுகளே பாக்கட்டும்." வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே, "பொட்டாஷ் எம்புட்டு வேணும் மேடம்? இதக் குடுத்துட்டு மாத்திட்டு வாரேன்" என்றார்.

எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் நிலம் போய்விடும் என்று நானாக நினைத்தேன். நிலம் நின்றது அந்த உண்மையால். மழைக் கதையைச் சொல்லி, தார் இளைத்து வந்திருந்தால், தோற்றது பவுன்தாய் என்றுதான் முடிவாகியிருக்கும். யாருக்காகவோ மறைக்கிறோம் என்று நினைக்கிற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பாதி நேரம் நமக்காகத்தான் மறைக்கிறோம். இந்த நீண்ட கதையில் அறிவுரை என்று ஏதாவது இருந்தால் இதுதான்.

தார்? தப்பித்தது, பெரும்பாலும். சில மரம் ஒல்லியாகத் தள்ளியது, பத்துப் பதினைந்து காற்றுக்கு ஒடிந்தது. மற்றவை பார்க்கும்படி வந்தன. சாம்பல் அடுப்பு மூலையில் நின்ற அந்த இரண்டு மட்டும் தூக்க ஆள் வேண்டியிருக்கிற அளவுக்குத் தார் போட்டன. வெட்டுகிற அன்று என்னைக் கூப்பிட்டுவிட்டிருந்தார் பவுன்தாய். அதில் ஒரு சீப்பை என் ஸ்கூட்டரில் வைத்துவிட்டு, "இது ஆபீஸ் பேச்சைக் கேக்காம வளந்தது மேடம், நல்லா இருக்கும்" என்றார். நல்லாத்தான் இருந்தது.

மறு வருடம் கன்று நடுவதற்கு முன் மண் எடுக்கப் போனேன். கொட்டகையில் ஒரு பழைய வெள்ளைப் பருத்திச் சேலை, துவைத்து மடித்து, தனியாக ஆணியில் தொங்கியது. மண் காய வைக்க மட்டும் அது. வேறு எதற்கும் தொடவிட மாட்டாராம். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மண் எடுத்தால் அவரிடம் வந்து அந்தச் சேலையை வாங்கிப் போனார்கள். அலசிக் காய வைத்துத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஊரில் அதற்கு மண்ணுச் சேலை என்றே பெயர் வந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்த எத்தனையோ அட்டைகள் எங்கே போயினவோ தெரியாது. அந்தச் சேலை நாலைந்து வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறது.

பவுன்தாய் இன்றும் அந்த ஒன்றரை ஏக்கரில்தான் இருக்கிறார். கழுத்து வலி போய் இப்போது இடுப்பு வலியாம். "குனிஞ்சு பாக்கணும்னு ஆசைப்பட்டேன்ல மேடம், அனுபவிக்கிறேன்" என்று போனில் சிரிக்கிறார்.

நான் ஓய்வு பெற்றுச் சில மாதம் இருக்கும். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. சுருளி. கையில் ஒரு சின்னத் துணிப்பை. தென்னையில் குரும்பை பிஞ்சிலேயே கொட்டுகிறதாம், மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். இருபது வருடமாகத் தென்னைக்குக் கடைப் பேச்சைத் தவிர வேறு எதையும் கேட்காத மனிதர் அவர்.

"இப்ப நான் ஆபீஸ்ல இல்லையே சுருளி. புதுப் பிள்ளைக வந்திருக்காங்க, நல்லாப் பாப்பாங்க. அவங்ககிட்டக் கொடுங்க" என்றேன்.

"குடுக்கத்தேன் போறேன். அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒருவாட்டி காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

பையை வாங்கினேன். பழக்கம் விடுமா? வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மதினி சேலையிலதேன் காய வச்சேன் மேடம். அலசியும் குடுத்துட்டேன்."

அந்தப் பைதான் போன வாரம் உங்கள் மேசைக்கு வந்தது. கவனமாகப் பாருங்கள்.